செக்குபந்தி மாமாவும் எங்கள் பூர்வீக வீடும்

மயிலாப்பூரில் முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு வாசலில் நின்று நான் அழுதிருக்கிறேன். துக்க வீடு அல்ல. உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அது என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு என்று நினைத்து அழுதேன். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தூணை அணைத்தபடி ஒரு செல்ஃபி எடுத்து, 'வேர்களைத் தேடி' என்ற தலைப்போடு உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகள் கண்ணீர் விடும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, கொரியர் என்றால் மாடியில் கொடுக்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அது எங்கள் வீடே அல்ல என்று எனக்கு எடுத்துச் சொன்னவர் செக்குபந்தி மாமா. சென்னையில் ஒருவர்கூடத் தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இல்லை என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

சொத்துப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் காலிமனை, கிழக்கே தெரு, மேற்கே கிணறு, இதற்கு உட்பட்டது என்று நான்கு எல்லைகளையும் எழுதியிருப்பார்கள். அதற்குத்தான் செக்குபந்தி என்று பெயர். மாமா ஒரு வங்கியில், வீட்டுக் கடனுக்கு வரும் பத்திரங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றபோது வங்கி அவரை விட்டுவிட்டது, செக்குபந்தி விடவில்லை. லஸ் பக்கம் ஓட்டலுக்குப் போனால் சர்வரிடம், வடக்கே தூண், தெற்கே கை கழுவுகிற இடம், இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற ஆசாமிக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு காபி என்பார். ஒருமுறை வயிற்று வலிக்கு டாக்டரிடம் போய், "வடக்கே விலா எலும்பு, தெற்கே தொப்புள், கிழக்கும் மேற்கும் இன்னும் தகராறுல இருக்கு" என்றாராம். டாக்டர் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். வரைபடம் கேட்கத் தெரிந்த டாக்டர் என்று மாமா பல நாள் புகழ்ந்துகொண்டிருந்தார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் அப்பாவால். அப்பாவுக்கு அப்போதே எண்பது தாண்டிவிட்டது. அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா மயிலாப்பூர் வீட்டில் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். பிறகு வீட்டை விற்றுவிட்டார்கள். அம்மாவின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், எங்கள் அடையாறு ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்திருந்த அப்பா, யாரும் கேட்காமலே சொன்னார்.

"அம்மா முகம் மறந்துபோச்சுடா. படுத்திருந்த இடம் மட்டும் ஞாபகம் இருக்கு. ஒரு தடவை அங்க போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்துடறேன்."

அவர் கேட்டது உட்கார ஓர் இடம். நாலு புத்தகம் படித்தவன் அல்லவா, நான் அதைப் பரம்பரை மாளிகை ஆக்கிவிட்டேன். வீட்டில் இருந்தது விற்பனைப் பத்திரத்தின் நைந்துபோன நகல் ஒன்றுதான். அதில் கதவு எண் பதினேழு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெருவுக்கு நேரே போய், 'பழைய எண் 17' என்று தகடு தொங்கிய வீட்டைப் பிடித்தேன். மேற்படி அழுகை நடந்தது அங்கேதான்.

அப்பாவை அழைத்துப் போவதற்கு முன், பத்திரம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று மாமாவிடம் போனேன். அவர் கண்ணாடியை உயர்த்தி என் செல்ஃபியைப் பார்த்துவிட்டு, "எந்தப் பழசு?" என்றார்.

படத்தில் தகட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

"இந்த ஊர்ல பழைய நம்பர்ங்கறது போன தடவை புது நம்பரா இருந்தது ஓய். அதுக்கு முன்னாடி இன்னொரு பழசு இருக்கு. நம்பரை எத்தனை தடவை வேணா மாத்துவா. பக்கத்தாத்துக்காரனை மாத்த முடியுமோ?"

அலைபேசியில் வரைபடம் இருக்கிறதே என்று பலவீனமாகச் சொல்லிப் பார்த்தேன். அது இருக்கிற வீட்டைத்தான் காட்டும், இருந்த வீட்டைக் காட்டாது என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த சில மாதங்கள் எனக்கு வாழ்க்கை என்று ஒன்று இல்லை. பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுப் பத்திரத்தின் முழு நகலை வாங்கினோம். அதில் நான்கு எல்லைகளும் இருந்தன. ஆனால் வடக்கு வீட்டுக்காரர் யார் என்று நிச்சயப்படுத்த அவர் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதில் அவருக்கு வடக்கே ஒருவர் இருப்பார். ஒரு வீட்டைக் கேட்டுப் போன எனக்கு மாமா ஒரு தெருவையே திரட்டிக் கொடுத்தார். இதற்கிடையே என் மாளிகை தினமும் சுருங்கிக்கொண்டு வந்தது. அரை கிரவுண்டுகூடத் தேறவில்லை. மாடியாவது இருந்திருக்குமா என்று கேட்டேன்.

"நாட்டு ஓடுன்னு எழுதியிருக்கு. மாடியெல்லாம் நீர் கட்டினதுதான்" என்றார் மாமா.

வீட்டில் அப்பா தினமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். இடம் தெரிந்ததா? வடக்கு வரை வந்திருக்கிறோம் என்பேன் நான். அவர் தலையாட்டிவிட்டு ஊன்றுகோலைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார், ஏதோ ஆட்டோ வாசலில் வந்துவிட்டது போல.

வடக்கு, ராயப்பேட்டையில் கிடைத்தது. பத்திரத்தில் இருந்த பெயருக்கு உரியவரின் பேரன் அங்கே புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். பாய் பசை வாளியோடு நிமிர்வதற்குள் மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைத்தான் தேடிண்டிருந்தேன். நீங்க இவருக்கு வடக்கு" என்று என்னைக் காட்டினார்.

பாய் அசரவில்லை. "வடக்குன்னா டெல்லியா? நாங்க எப்பவும் மெட்ராஸ்தான் நைனா" என்று சொல்லி டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தப் பக்கத்து முன்வரிசை வீடுகள் மொத்தமும் போய்விட்டன என்றார். அவருடைய தாத்தா வீடும் அதில்தான் போனதாம். பின்வரிசையில் டீச்சர் வீடு மட்டும் இன்னும் நிற்கிறது, அவர்களைப் போய்ப் பாருங்கள் என்றார்.

டீச்சர்தான் எங்கள் மேற்கு. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெஜினா டீச்சர். மாமா அவரையும் திசை சொல்லித்தான் விளித்தார். டீச்சர் எங்களை உட்கார வைத்துக் கேக் கொடுத்துவிட்டு, குற்றம் செய்தவர் போல மெதுவாகச் சொன்னார்.

"உங்க வீடு போனதாலதான் எங்களுக்கு மெயின் ரோடு கிடைச்சுது தம்பி. முன்னாடியெல்லாம் எங்க வீடு சந்துக்குள்ள இருந்துச்சு. முன்வீட்டம்மா பின்சுவர் வழியா மோர் குடுப்பாங்கன்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அந்தச் சுவர்தான் இப்ப எங்க காம்பவுண்டு."

முன்வீட்டம்மா என்றால் அப்பாவின் அம்மா. அவரைப் பற்றி வெளியாள் ஒருவர் சொல்லி நான் கேட்ட ஒரே வாக்கியம் அது. டீச்சரிடம் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

வெளியே வந்ததும் மாமாவிடம், அப்பாவிடம் போய் உன் வீடு ரோடாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று புலம்பினேன். வீடு கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிடலாமா என்றும் கேட்டேன். மாமாவை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

"ஆத்துக் கட்டடம்தான் ஓய் போச்சு. இடம் எங்கே போகும்? ஞாயித்துக்கிழமை விடியறச்சே அப்பாவை அழைச்சுண்டு வாரும்."

அழைத்துப் போனேன். எங்களுக்கு முன்பே மாமா அங்கே இருந்தார். டீச்சரின் சுவரிலிருந்து டேப்பை இழுத்து அளந்து, நடைபாதையிலும் ரோட்டிலும் கோலமாவால் கோடு போட்டு வைத்திருந்தார். பாதி வீடு நடைபாதையில், மீதி ரோட்டின் இடது ஓரத்தில். சமையலறையில் ஒரு தள்ளுவண்டிக்காரர் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடமே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி மாமா ரோட்டில் போட்டார்.

அப்பா முதலில் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு ரோட்டில் இறங்கி, கோலமாவு வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா குடையை விரித்துக் கிழக்கு எல்லையில் காவல் நின்றார். பக்கத்தில் ஓர் ஆட்டோ கிறீச்சென்று நின்றது.

"இன்னா பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

"வீட்லதாம்பா இருக்கேன்" என்றார் அப்பா.

ஆட்டோக்காரர் கோட்டையும் குடையையும் செருப்பையும் பார்த்தார். வண்டியைப் பின்னால் எடுத்து, கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

அப்பா கண்ணை மூடியிருந்தார். திறந்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "இது கால்மாடுடா. அம்மா தலை அந்தப் பக்கம். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடு."

அந்தப் பக்கம் என்றால் கிழக்குக் கோட்டின் விளிம்பு, பேருந்துகள் உரசிக்கொண்டு போகிற இடம். தூரத்தில் ஒரு மாநகரப் பேருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. போதும், போகலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு எதிரே போய் நின்றுவிட்டார். பேருந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்க, உடம்பு சரியில்லாத ஓர் அம்மாவைப் பையன் பார்க்க வந்திருக்கிறான், ஒரு நிமிஷம் என்றார் மாமா. டிரைவர் இன்ஜினை அணைத்தார். நாற்காலியை நகர்த்தினேன். அப்பா குனிந்து, தார் மேல் விரல் நுனியால் எதையோ ஒதுக்கிவிடுவது போலத் தடவினார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவதைப் போல இருந்தது.

அதன் பிறகு அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் பால்கனியில் தூங்க ஆரம்பித்துவிட்டார்.

போன வருடம் செக்குபந்தி மாமா தவறிப்போனார். மந்தைவெளியில் அவர் ஃப்ளாட்டுக்குப் போய் மாமியிடம், மாமா எங்கள் இடத்தை அங்குலம் பிசகாமல் கண்டுபிடித்துக் கொடுத்த கதையைச் சொன்னேன். மாமி காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"ஊரார் ஆத்தையெல்லாம் நன்னாக் கண்டுபிடிச்சார். நம்மாத்துக்கு வரச்சே மட்டும் தினம் எதிராத்து பெல்லைத்தான் அடிப்பார், எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்குன்னுவார். அவாளும் பழகிட்டா. இப்போ சாயங்காலம் ஆச்சுன்னா எதிராத்து மாமி, யாரும் பெல் அடிக்காமலே கதவைத் திறந்து பார்க்கறா."