ரயிலுக்குக் கெடு வைத்த திராட்சைக் கொடி

கலெக்டருக்குக் கெடு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மந்திரிக்குக் கெடு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பூமிக்கு அடியில் வரப்போகிற ரயிலுக்கு, ஒரு திராட்சைக் கொடியை நட்டுக் கெடு வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எங்கள் கடைத்தெருவில் ஞாயக்காரர் என்பார்கள். சொந்தப் பெயர் என்னவோ, பல வருஷம் ஒட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது. காபி ஆறிப்போனால் "இது ஞாயமா?" என்பார். மழை பெய்தாலும் "இது ஞாயமா?" பெய்யாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அவருக்குச் சொந்த ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டி. திராட்சைத் தோட்டத்தைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, சென்னையில் ஒரு நெரிசலான தெருவில் ஜூஸ் கடை போட்டிருந்தார். நான் தேனி அல்லிநகரம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவர் கடைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தையல் கடை. ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்பதால் அவருடைய கோபத்தில் பாதியை நான் கேட்டே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்தால் எதிரே தெருவைக் காணோம்.

பொய் இல்லை. நேற்றுவரை பஸ்ஸும் ஆட்டோவும் பூக்காரியும் போய்க்கொண்டிருந்த இடத்தில், ஆளுக்கு இரண்டு மடங்கு உயரத்தில் நீல நிறத் தகரம் நின்றது. மெட்ரோவுக்குச் சுரங்க ஸ்டேஷன் தோண்டுகிறார்களாம். எங்கள் கடைகளுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஒல்லியான ஆள் நேராகப் போகலாம், கொஞ்சம் சதைப்பிடிப்பான ஆள் பக்கவாட்டில் போகலாம், என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் போகவே முடியாது. பேன்ட்டுக்கு இடுப்பு தளர்த்த வருகிறவன் எப்படி அந்தச் சந்தில் நுழைவான்? இதையெல்லாம் யாராவது யோசித்தார்களா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மஞ்சள் தொப்பி போட்ட இன்ஜினியர் பெண் ஒருத்தி வந்தாள். படிப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்தவள் போல, தொப்பி அவளைவிடப் பெரிதாக இருந்தது. ஞாயக்காரர் கையில் பிழிந்துகொண்டிருந்த சாத்துக்குடியோடு வெளியே வந்தார்.

"ஏன் தாயி, இதுக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கே, பாத்தீகளா?"

"பார்த்தோம் ஐயா. கொஞ்ச நாள்தான். வேலை முடிஞ்சதும் தகரத்தை எடுத்துடுவோம்."

"கொஞ்ச நாளுன்னா?"

"ஒண்ணு, ஒன்றரை வருஷம்."

"இது ஞாயமா? எங்க கம்பத்துக்கு இன்னைக்கு வரைக்கும் பூமிக்கு மேலேயே ரயில் கெடையாது. ஒங்களுக்குப் பூமிக்குக் கீழ ஒண்ணு கேக்குதா?"

"ஐயா, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"மலையவே கொடைஞ்சு தண்ணி கொண்டாந்த ஊருக்காரன் நானு. அந்தக் காலத்துல கொடைஞ்சாக. அப்ப எவன் கடையவாச்சும் மறைச்சாகளா?"

"மலைக்குள்ள கடையே இல்லையே ஐயா."

ஞாயக்காரர் கையிலிருந்த சாத்துக்குடியை ஒரு பிழி பிழிந்தார். "அது ஞாயந்தேன்," என்றார். "ஆனாலும் கேக்குறேன்."

அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு திராட்சைக் குச்சி. பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் மண்ணை நிரப்பி, தகரத்தின் காலடியில் வைத்து நட்டார். சந்து இன்னும் சுருங்கியது. இன்ஜினியர் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, இங்க எதுவும் வைக்கக் கூடாது!"

"கேளு தாயி. இது பன்னீர் திராட்சை. நட்டா ஒன்றரை வருசத்துல மொதக் காய்ப்புக்கு வந்துரும். நீயும் ஒன்றரை வருசம்னு சொல்லிருக்க. இது காய்க்கிறதுக்குள்ள தகரத்த எடுத்தா நான் இங்கன இருப்பேன். தகரம் நிக்கையில பழம் பழுத்துருச்சு, மறுநா கடையப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன். ஒரு சம்சாரிய வெரட்டுன பாவம் ஒன் ரயிலுக்கு வேணுமா, வேணாமா, நீயே முடிவு பண்ணிக்க."

தெருவே கேட்டது. நான் உள்ளே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். கோபத்தில் ஆயிரம் பேசலாம், இந்த மனிதர் பேசினால் பேசினதுதான். ஒருமுறை, பப்பாளி விற்கிறவன் சரியில்லை என்று சொன்னவர், அதற்குப் பிறகு பப்பாளி என்கிற பழத்தையே கடைக்குள் விடவில்லை. அப்படிப்பட்ட ஆள் சொந்தப் பிழைப்பைக் கொண்டுபோய் ஒரு குச்சியில் கட்டிவிட்டாரே!

குச்சி துளிர்த்தது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. அது கொடியாகித் தகரத்தில் ஏறியது. தகரத்தின் உச்சியில் நீட்டியிருந்த குழாய்களுக்குக் குறுக்கே ஞாயக்காரர் கம்பி இழுத்துக் கட்டினார். சந்துக்கு மேலே பச்சைப் பந்தலே படர்ந்துவிட்டது. வடக்கேயிருந்து வந்து குழிக்குள் வேலை பார்த்த ஆட்கள், சாப்பாட்டு நேரத்தில் அந்த நிழலில் வந்து நின்று ஜூஸ் குடிப்பார்கள். வேறு வியாபாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடையை மறைத்தவர்களே கடைக்கு வாடிக்கை என்பது எந்த ஊர் நியாயம் என்று அவரும் கேட்பார், நானும் கேட்பேன். கேட்டுக்கொண்டே அவர்களுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி ஐஸ் போடுவார்.

பிறகு குடைகிற மிஷின் கீழே வருகிறது என்றார்கள். என் நிலைமையைக் கேட்காதீர்கள். மேஜைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் தண்ணீர் நடுங்கியது. பட்டன் டப்பா குதித்தது. "பூமி ஆடுது! பூமி ஆடுது!" என்று கத்தினேன். ஞாயக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏலே, மொதல்ல மிஷின மிதிக்கிறத நிப்பாட்டு."

நிறுத்தினேன். பூமியும் நின்றுவிட்டது.

ஆனால் என் பயத்தைக் கேலி செய்தவர்கள் ஒருநாள் என்னோடு சேர்ந்து ஓடினார்கள். கட்டடம் அசைகிறதா என்று பார்க்க, சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடிக் குமிழ் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். தூரத்தில் ஒரு கருவி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் காலையில் கருவிக்குக் குமிழ் தெரியவில்லை. சும்மா இருப்பார்களா? விசில் அடித்து, எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். நான் யாருடைய பேன்ட்டையோ, ஒரு கால் மட்டும் தைத்திருந்ததை, தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ஞாயக்காரர் நிதானமாக மாதுளை உரித்துக்கொண்டிருக்கிறார்.

"யோவ், வாய்யா வெளிய! கட்டடம் விழுகுதாம்!"

"விழுறது விழட்டும்லே. இந்த கிளாசுக்குச் சொன்னவருக்கு யாரு பதில் சொல்றது?"

இன்ஜினியர் பெண் ஏணி போட்டு ஏறினாள். குமிழை மூடிக்கொண்டு, குழந்தை கன்னத்தில் கை வைத்த மாதிரி, ஒரே ஒரு திராட்சை இலை. அவள் இலையைத் தூக்கினாள். எங்கள் கட்டடம் பழைய இடத்திலேயே நின்றது. கீழே இறங்கி வந்தவள் முகம் சிவந்திருந்தது.

"ஐயா, இந்தக் கொடியை இன்னைக்கே வெட்டணும்."

"இலையக் கிள்ளலாம். கொடியில கைய வைக்கக் கூடாது." அவரே ஏறி அந்த ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தார். "ஒன் ரயிலுக்காக நான் ஒரு இலை விட்டுக் குடுத்துட்டேன். என் கடைக்காக நீ என்ன தாயி விட்டுக் குடுத்த?"

அவள் இலையோடு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தெருவைப் பார்த்த தகரத்தில் பெரிய அம்புக்குறி. 'உள்ளே ஜூஸ் கடை, தையல் கடை திறந்திருக்கின்றன.' ஓர் இலைக்கு ஓர் அம்புக்குறி. ஞாயக்காரர் அதைப் பத்து தடவை வெளியே போய் நின்று படித்துவிட்டு வந்தார். "எழுத்து கோணலா இருக்கு. இது ஞாயமா?" என்றார். ஆனாலும் அன்றைக்கு அவருக்கு வாயெல்லாம் பல்.

ஒன்றரை வருஷம் ஓடியது. தகரம் நின்றது. அடுத்த பொங்கல் என்றார்கள், பிறகு அதற்கடுத்த பொங்கல் என்றார்கள். எந்தப் பொங்கல் என்று கேட்டால் பாறை வந்துவிட்டது என்றார்கள். பாறை புதிதாக எங்கிருந்து வரும்? அது அங்கேயேதானே இருந்திருக்கிறது? எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டைக்குக் கைகளை மாற்றித் தைத்துவிட்டேன்.

ஆனால் ஒரு அதிசயம். கொடி காய்க்கவில்லை.

ஞாயக்காரர் முதல் வருஷமே எனக்குப் பாடமாகச் சொல்லியிருந்தார். "திராட்சைக்குக் கவாத்துதேன்லே எல்லாம். பழைய கொம்ப வெட்டிவிட்டாத்தேன் புதுசு வரும், பூ வரும். இன்னைக்குக் கவாத்து பண்ணுனா நாலு மாசத்துல பழம். வெட்டுறப்பவே எங்காளுக பழம் எடுக்குற மாசத்தச் சொல்லிருவாக." அவர் கவாத்து செய்ததை நானே பார்த்தேன். நாலு மாதமும் போனது. மறுபடி கவாத்து. மறுபடி நாலு மாதம். இலைதான் வந்தது. இன்ஜினியர் பெண்ணே கவலைப்பட்டு, "என்ன ஐயா, காய்க்கவே காய்க்காதா?" என்றாள்.

"ஒங்க மெட்ராஸ் தண்ணியில என்னத்தக் காய்க்கும்? உப்பு!"

நானும் உப்பு என்றுதான் நம்பினேன், என் கத்தரியில் அவர் கை வைக்கும்வரை. ஒரு தையல்காரனிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம், துணி வெட்டும் கத்தரியைக் கேட்கக் கூடாது. நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் யாரோ எடுத்திருக்கிறார்கள். வந்து பார்த்தால் அலகு முழுவதும் பச்சைப் பிசுக்கு. அதில் கடுகைவிடச் சின்னதாக, மொட்டு மொட்டாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கத்தரியைத் தூக்கிக்கொண்டு கொலைவெறியோடு வெளியே வந்தேன். ஞாயக்காரர் ஸ்டூலில் நின்று, இலைகளுக்குள் கையை விட்டு, கொத்துக் கொத்தாகப் பூவைக் கிள்ளி வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ்! பூத்த கொடியை நீரே கிள்ளுறீரா?"

"சத்தம் போடாதலே."

"அப்ப உப்புத் தண்ணி?"

"இது ஒரு ஊக்கமான கொடிலே. மூணு தடவ பூத்துருச்சு. உப்புத் தண்ணிக்கெல்லாம் அசையாது."

ஸ்டூலிலிருந்து இறங்கி, மடியிலிருந்த பூவைக் குப்பைக்கூடையில், சாத்துக்குடித் தோலுக்கு அடியில் மறைத்தார். எனக்கு வந்த ஆத்திரம் கத்தரிக்காகவா கொடிக்காகவா என்று தெரியவில்லை.

"காய்ச்சா நான் போகணும்ல. தெருவுக்கு முன்னாடி சொல்லிருக்கேன்ல."

"பேசாமப் போயிர வேண்டியதுதானே? இங்க என்ன வாழுது?"

அவர் தகரத்தைப் பார்த்தார். "எங்க அய்யாவுக்கு ரயிலுன்னா உசுரு. கம்பத்துக்கு ரயில் வருது வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக, அவரும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, போய்ச் சேந்துட்டாரு. போடிக்குப் போன சின்ன ரயிலையும் நிப்பாட்டிட்டுப் பெருசு விடுறோம்னாக. அது வந்த அன்னைக்கு தேனியில நின்னு பாக்க நான் ஊருல இல்ல. இப்ப ஒரு ரயிலு என் கடை வாசலுக்கே வருதுன்றான். பாக்காமப் போறது ஞாயமாலே?"

இத்தனை வருஷமாக ரயிலைத் திட்டித் தீர்த்த மனிதர், அந்த ரயிலுக்காகத் தெருவுக்குத் தெரியாமல் தவணை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்! அவர் கடைக்காக நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேனே, அது நியாயமா? கத்தரியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனேன். புதுக் கத்தரி வாங்கித் தருவதாகச் சொன்னார். தரவில்லை.

கடைசியில் ஒருநாள் தகரத்தைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். தெரு திரும்பக் கிடைக்கிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஞாயக்காரர் மட்டும் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். தகரத்தை எடுத்தால் பந்தல் எதில் நிற்கும்? அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. இன்ஜினியர் பெண் யோசித்திருந்தாள். அவளுக்கும் அதற்குள் இரண்டு நரைமுடி வந்திருந்தது. நிழலில் நின்று ஜூஸ் குடித்த ஆட்கள் ஏழெட்டுப் பேர், அவள் சொல்லச் சொல்ல, கம்பியோடு கொடியை அலுங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தகரம் நகர்ந்தது. அவள் முன்கூட்டியே நட்டுவைக்கச் சொல்லியிருந்த பழைய இரும்புக் குழாய்கள் கடை முகப்பில் நின்றன. கொடி அவற்றின்மேல் இறங்கியது.

"ஐயா, தகரத்தை எடுத்துட்டோம். உங்க கொடி இன்னும் காய்க்கல. நாங்க ஜெயிச்சுட்டோம்," என்றாள்.

ஞாயக்காரர் அவளை முறைத்தார். "பொங்கல்னு சொன்னீக. இது எந்தப் பொங்கல்?" என்றார். பிறகு உள்ளே திரும்பிக்கொண்டு வெகுநேரம் மிக்ஸியைக் கழுவினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், மகளின் படிப்புக்காக நான் தேனிக்கே வந்துவிட்டேன். போன மாதம் பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. செய்தித்தாள் சுற்றிய அட்டைப்பெட்டி. பின்னாலேயே போன்.

"ஏலே, வந்து சேந்துச்சா? ரயில் விடுற மாசத்தக் கேட்டு, அதுக்குத் தக்கனக் கவாத்து பண்ணுனேன். பழம் சொன்ன மாசத்துல வந்துருச்சு. ரயில இன்னும் தள்ளி வச்சுட்டாக. இது ஞாயமா?"

பெட்டிக்குள் ஒரு கொத்துத் திராட்சை. தெருமுனைக்குத் தெருமுனை தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை குவிந்து கிடக்கிற தேனிக்கு, சென்னையிலிருந்து திராட்சை அனுப்பிய ஒரே ஆளும் அவராகத்தான் இருக்கும். அதுவும் என்ன புளிப்பு! வாயில் வைத்தால் கண் மூடிக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் என்று அவர் சொன்னது பொய்யே இல்லை.

வீட்டில் யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்காமல் நானே சாப்பிட்டுத் தீர்த்தேன்.