மஞ்சக்கயிறும் கல்யாண டீயும்

மலேசியாவில் பேராக் மாநிலத்திலேயே அதிகமான பெண்களைத் தாலி கழற்ற வைத்தவர் யாரென்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் மஞ்சக்கயிறு. இதுவரை யாரும் போலீசில் புகார் கொடுக்கவில்லை.

ஈப்போ மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பவர் அவர். நான் அங்கே நர்ஸ். இந்த ஊர் வழக்கில் மிசி. அந்தக் காந்த இயந்திரத்துக்குள் பொட்டு உலோகம் போகக்கூடாது. நம் பெண்களோ தாலியைக் கழற்று என்றாலே அழுதுவிடுவார்கள். அதனால் மேசை டிராயர் நிறைய, மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்த கயிறுகளாக வைத்திருப்பார்; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். என் ஊசி, பஞ்சுக்கு இடமிருக்காது.

"இது ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா?" என்று கத்துவேன்.

"ரெண்டும்தான் மிசி!"

ஒருநாள் சுங்காய் ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க இவர் தயார். கையில் மருந்து ஏற்றி, அது சிறுநீரகங்களுக்குள் எப்படிப் போய் எப்படி இறங்குகிறது என்று படமெடுத்தால், இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று தெரியும். செய்யாவிட்டால் கொடுக்க முடியாது. கொடுக்க வேறு ஆளும் இல்லை.

அந்த அம்மா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவரு இப்படி கெடக்கிறப்ப கழட்ட மாட்டேன் தம்பி."

"இந்தா கயிறு இருக்குக்கா. இத கட்டிக்கிட்டு அத கழட்டுங்க."

"யாரு கட்டுறது? நீயா?"

மறு நிமிடம் மஞ்சக்கயிற்றைக் காணோம். கீழே டயாலிசிஸ் முடித்துக் களைத்துக் கிடந்த கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

"கட்டுங்கண்ணே, சீக்கிரம்லா! அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்காரு!"

கணவர் முடிச்சுப் போட, மஞ்சக்கயிறு என் ஊசித் தட்டில் கெட்டிமேளம் வாசித்தார். வரிசையில் இருந்த சீனக் கிழவர் கைதட்டினார். என் மானம் போயிற்று.

அந்த அம்மா தாலியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். மருந்து ஏறியது. மஞ்சக்கயிறு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் என்ன தெரிந்தாலும் நாங்கள் வாய் திறக்கக்கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்கா தம்பி?" என்று கெஞ்சினார் கணவர்.

"டாக்டர்தாண்ணே சொல்லணும்," என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு கேன்டீனுக்கு ஓடியவர், எல்லாருக்கும் தே தாரேக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயோடு வந்தார். "கல்யாண டீலா, குடிங்க! அண்ணே, ஒங்களுக்குத் தண்ணியே அளவுதான், அதனால ரெண்டு வாய் மட்டும்."

கணவர் புரிந்துகொண்டு அழுதார்.

"இதுக்கு வாயாலயே சொல்லியிருக்கலாமே!" என்று பல்லைக் கடித்தேன்.

"டீ வாங்கிக் குடுக்கக் கூடாதுன்னு சட்டமா மிசி?" அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் டாக்டரும் நல்ல செய்தியே சொன்னார். டீ சமாசாரம் எப்படியோ மேலே போய், மேட்ரன் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"என்ன டீ? நான் ஒன்னும் பாக்கலையே," என்றேன். அந்த மனுஷனுக்காக இதைவிடப் பெரிய பொய்யும் சொல்லியிருப்பேன்.