சந்தனம் பூசிய பாலிசி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முக்கியமான காகிதம் எதையும் படிக்க மாட்டேன். மரியாதை மட்டும் செய்வேன். தையல் கடைக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒன்பது வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. கத்தரிக்கோலை ஒருநாள் கும்பிட்டாலும் மற்ற நாளெல்லாம் பயன்படுத்துகிறோமே என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பாலிசி எடுத்தபோது கடை செந்துறையில் இருந்தது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை, இரண்டு மிதி மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. ஒரு மிஷினில் நான், இன்னொன்றில் என் மனைவி செல்வி. பிறகு பள்ளிச் சீருடை ஆர்டர்கள் வரத் தொடங்கின. கடையை அரியலூருக்கு மாற்றினோம். கரண்டு மிஷின் பத்து வாங்கினோம். வளர்மதியோடு சேர்த்து எட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். போர்டில் என் பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று ஏறியது (எழுதச் சொன்னது நான்தான்).

ஏஜெண்ட் வருடம் தவறாமல் போன் செய்வார்.

"புதுப்பிச்சிடலாங்களா? மாத்தம் ஏதும் உண்டுங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க, உங்க புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம்."

அவர் நலம் விசாரிப்பதாகவே நினைத்தேன். ஒருமுறை செல்வி, "அரியலூர் வந்துட்டோம்னு சொல்லுங்க" என்று கையை ஆட்டினாள். "பணம் கட்டுறோம்ல, அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன். தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

இப்படி இருக்கையில் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. வெள்ளைச் சட்டை, மெரூன் பாவாடை, மெரூன் கால்சட்டை. பள்ளி திறக்கும் நாளில் கொடுத்துவிட்டால் இனி வருடா வருடம் எங்களுக்குத்தான் என்றார் தலைமையாசிரியை. பிசகினால் ஆர்டர் திருச்சிக்காரர்களுக்குப் போய்விடும். எட்டுப் பெண்களுக்கும் வேலை கொடுக்க வழியிருக்காது.

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. மதியம் மூன்று மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை அடைத்து, தண்ணீர் வாசற்படி ஏறிக் கடைக்குள் வந்தது. பெண்கள் எல்லோரும் துணிக் கட்டுகளைத் தூக்க ஓடினார்கள்.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"அண்ணே, நனையுதுண்ணே!" என்றாள் வளர்மதி.

"நனையட்டும். இன்ஷூரன்ஸ் இருக்கு. சர்வேயர் வந்து இருக்கிறத இருக்கிறபடி பாக்கணும். எடத்த மாத்துனா கேஸு நிக்காது."

இந்தச் சட்டம் எனக்கு எங்கே கிடைத்தது என்றால், ரோட்டில். சிமெண்ட் லாரிகள் மோதிக்கொண்டால் போலீஸ் வரும்வரை நகர்த்த மாட்டார்கள். அதையே துணிக்கும் வைத்துக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்த டீக்கடைக்காரரையும் வாசலோடு நிறுத்தினேன். செல்வி மட்டும் கேட்கவில்லை. தைத்து முடித்த சட்டைகளில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வெட்டு மேசைமேல் ஏறி நின்றுவிட்டாள்.

"கீழ வையி, கேஸு கெட்டுரும்" என்றேன்.

"மொதல்ல வாய மூடுங்க" என்றாள். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை (கடைசித் தடவை இல்லை).

மெரூன் சாயம் கரைந்து வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் ஆகிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் ஏறி, கல்யாண வீட்டு போட்டோகிராபர் போல எல்லாப் பக்கமிருந்தும் செல்போனில் படம் எடுத்தேன்.

மூன்றாம் நாள் சேதத்தைக் கணக்கெடுக்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். பாலிசியைக் கேட்டார். பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தேன். சந்தனத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிளேடு வாங்கி ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லோர் முன்னாலும் படித்தார்.

"செந்துறையில ஓட்டுக் கட்டடம்னு போட்டிருக்கே?"

"இங்க வந்துட்டோங்க சார்."

"எப்ப?"

"ஆறு வருசம் ஆச்சுங்க."

"மிதி மிஷின் ரெண்டு. எங்க அது?"

"வித்துட்டோங்க."

"இஸ்திரிப் பெட்டி?"

வளர்மதி ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். பாலிசியில் இருந்த பொருள்களில் கடையில் மிச்சம் அது ஒன்றுதான். ஆணியில் மாட்டியிருந்ததால் அது நனையவும் இல்லை.

சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். "மேல் ரேக்கு பூரா காலியா இருக்கே. துணிய ஏன் எடுத்து வைக்கல?"

எட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க பாக்கணும்னுதாங்க சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரக்க முடிஞ்சவரைக்கும் காப்பாத்தணும்னு இதுலயே போட்டிருக்குங்க. எடம் மாறுனா, மிஷின் வாங்குனா, ஆள் சேத்தா அப்பவே எழுதிக் குடுக்கணும்னும் இருக்கு. இத நீங்க படிக்கலையா?"

பூஜை செய்தேன் என்று சொல்லவா முடியும்?

பைசா கிடைக்கவில்லை. செல்வி அன்றைக்கே கையிலிருந்த வளையலைக் கழற்றித் தந்தாள். அதை அடகு வைத்துப் புதுத் துணி எடுத்தோம். திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன், அவள் வெறுங்கையோடு மிஷினில் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து தைத்தார்கள். உரிமையாளர் பட்டன் வைத்தார். பள்ளி திறந்த அன்று காலை, மணி அடிக்க அரைமணி நேரம் இருக்கும்போது கடைசிக் கட்டு போய்ச் சேர்ந்தது. ஆர்டர் எங்களிடமே தங்கியது. ரோஸ் துணியெல்லாம் தலையணை உறைகளாகி, தா.பழூரில் இருக்கும் என் தங்கை வீடு வரைக்கும் போனது.

வளையலை அடுத்த வருடம் மீட்டுக் கொடுத்தேன். சர்வேயர் போனதும் செல்வி எடுத்து வைத்துக்கொண்ட பாலிசியை மட்டும் அவள் எனக்குத் திருப்பித் தரவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறாள். கடைக்கு ஒரு மிஷின் வந்தால் அன்றே ஏஜெண்டுக்குப் போன். வீட்டில் அதுவே கேலியாகிவிட்டது. நான் மீசையை எடுத்துவிட்டு வந்தால் மகள், "ஏஜெண்டுக்குச் சொல்லியாச்சாப்பா?" என்பாள். தொப்பை கொஞ்சம் கூடினாலும் அதே கேள்விதான்.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பெரம்பலூர். அவள் காரில் ஏறியபோது நான் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். பக்கத்தில் செல்வியும் அழுதுகொண்டுதான் இருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே என்னை இடித்தாள்.

"அட்ரஸ் மாறுதுங்க. ஏஜெண்டுக்குச் சொல்லியாச்சா?"

காருக்குள்ளிருந்த மகள் அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள். எங்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சம்பந்தி மட்டும் பதறிப்போய்ப் பையிலிருந்து செல்லை எடுத்தார்.

"நம்பர் சொல்லுங்க சம்பந்தி, நானே சொல்லிடுறேன்."