கொத்தமல்லி அண்ணையின் வயிறு

கொழும்பில் வெள்ளவத்தைக்கும் புதுக்கடைக்கும் இடையில் கொத்தமல்லி அண்ணை விசாரிக்காத வயிறே கிடையாது. புதுக்கடையில் நான் வேலை பார்த்த சட்டத்தரணி அலுவலகத்தில் அவர் மூத்த கிளார்க். வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். காலையில் மற்றவர்கள் குட்மோர்னிங் சொல்வார்கள்; அவர் வயிறு எப்படி என்று கேட்பார். விபரமாகப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. காணி வழக்குக்கு வந்த முதலாளி ஒருவர் காணியை மறந்து, தன் ஏப்பத்தைப் பற்றியே கதைத்துவிட்டுப் போனார்.

அண்ணையின் பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணீர் எப்போதும் சூடாக இருக்கும். அதற்கும் சுகம் வராவிட்டால் ஆளை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போவார். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். அரிஷ்டம் குடிப்பதை டொக்டரிடம் சொல்லமாட்டோம், டொக்டர் தந்த குளிசையை ஆயுர்வேத வைத்தியரிடம் சொல்லமாட்டோம். அண்ணைக்கு இது பிடிக்காது. எனக்கு நெஞ்செரிவு வந்தபோது, என் மனைவியிடம் கேட்டு வீட்டிலிருந்த போத்தல், சூரணம் எல்லாவற்றையும் சொப்பிங் பையில் அள்ளிவந்து டொக்டரின் மேசையில் பரப்பிவிட்டார். என் மானம் கப்பலேறியது. டொக்டரோ ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலதை நிறுத்தி, இலைக்கஞ்சி குடிக்கலாம் என்றார்.

வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பதென்றால் மயக்க ஊசி போடுவார்கள். கூட ஓர் ஆள் வராவிட்டால் ஆஸ்பத்திரியில் எடுக்கவே மாட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் அந்த ஆள் அண்ணைதான்.

அப்படிப்பட்டவர் போன வருடம் மெலியத் தொடங்கினார். இடுப்பில் காற்சட்டை நிற்கவில்லை. மலம் கறுப்பாகப் போகிறது என்று தெரிந்ததும் டொக்டர் உடனே கமரா விடச் சொன்னார். புற்றுநோயோ என்று எங்களுக்குப் பயம் பிடித்தது. அண்ணை நாளைக்கு, நாளன்றைக்கு என்று கடத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"ஏன் அண்ணை இன்னும் போகேல்ல?"

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "கூட வர ஆள் வேணுமே தம்பி. எனக்கு ஆர் இருக்கினம்?"

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு. எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போன மனிசன், எங்களில் ஒருவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டிருக்கிறார்.

லீவு போட்டு, அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். போகும் வழியில் அவருடைய அறைக்குள் புகுந்து, கண்ணில் பட்ட மருந்தையெல்லாம் பையில் போட்டேன். தடுத்துப் பார்த்தார், நான் விடவில்லை. டொக்டரின் மேசையில் பரப்பியபோது, சூரணங்களுக்கு நடுவில் முழங்கால் நோவுக்கு பாமசியில் வாங்கிய குளிசைகள் கிடந்தன. வெறும் வயிற்றில் மாதக்கணக்காக விழுங்கியிருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்!

கமராவில் தெரிந்தது புண். நாங்கள் பயந்த புற்றுநோய் இல்லை. அந்தக் குளிசைகளை நிறுத்தி, புண்ணுக்கு மருந்து எழுதிய டொக்டர், கொத்தமல்லித் தண்ணீரை மட்டும் தொடரலாம் என்றார்.

வீட்டுக்கு விடும்போது நர்ஸ் என்னைப் பார்த்து, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், மயக்கம் முழுதாகத் தெளியாத அண்ணை கட்டிலிலிருந்து முந்திக்கொண்டார்.

"என்ர தம்பி. அவனுக்கும் வயிறு சரியில்ல, பாவம். முதல்ல ஏதும் சாப்பிடக் குடுங்கோ."