வயிற்றுக்குள் சிங்கம்

“அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

அருங்காட்சியகக் காவலாளி மூச்சை இழுத்தார். பிடிக்கத்தான் முடியவில்லை. காலையிலிருந்து வயிற்றுக்குள் யாரோ மாவு பிசைவதுபோல வலி.

இயந்திரம் உறுமி ஓய்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவள் டாக்டரிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது.

“ஆமா சார், வயித்துல ஒரு ஆர்ட்டிஃபாக்ட் தெரியுது. நல்லாவே தெரியுது. நாளைக்குத் திரும்ப எடுத்துடலாம்.”

காவலாளிக்கு வலி மறந்தே போயிற்று.

அவருடைய இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் இந்த ஒரு வார்த்தை தண்ணீர்பட்ட பாடு. “ஆர்ட்டிஃபாக்டைத் தொடாதீங்க” என்று ஊரார் பிள்ளைகளை விரட்டித்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். அந்தக் காலத்து மனிதன் கையால் செய்த பொருள், விலைமதிப்பில்லாதது, பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டியது.

நேற்று மத்தியானம் தூசி தட்டுவதற்காக அப்படி ஒரு பெட்டியைத் திறந்துவைத்திருந்தார்கள். காவலுக்கு நின்றவர், வேர்க்கடலைப் பொட்டலத்தை அதன் விளிம்பில் வைத்துவிட்டு, பார்வை வாசலில் இருக்க, கை போன போக்கில் அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் பூட்டும்போது ராஜா காலத்துத் தங்கச் சிங்கத்தைக் காணோம்.

அந்தச் சிங்கமும் வேர்க்கடலை அளவுதான்.

“ஏம்மா, நாளைக்கு எடுத்தா இன்னும் தெளிவா தெரியுமா?” என்று கேட்டார்.

“அதுக்குத்தானே வரச் சொல்றேன்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எதையாவது மென்னு தின்னிருக்கீங்களா நீங்க? கல்யாணமான நாள்லேருந்து பாக்கறேன், எல்லாத்தையும் அப்படியே முழுங்கறதுதான். இப்ப சிங்கத்தையே முழுங்கிட்டு வந்து நிக்கறீங்க!”

“மெதுவாப் பேசு. ஜெயிலுக்கு அனுப்பிடாதே.”

“நாளைக்குள்ள அது தானா வெளிய வந்துட்டா?”

அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பழம்வரை தின்றார். சிங்கம் வரவில்லை. வயிறுதான் மத்தளம்போல உப்பியது.

“அறுத்து எடுத்துடுவாங்களாடி?”

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே அழுகை வந்துவிட்டது. உள்ளறைக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். “உன்னோட இருக்கட்டும்டா” என்று மூன்று தரம் சொன்னாள். தம்பி செல்போன் கடை வைத்திருந்தான். கடை போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே.

மறுநாள் காலை காவலாளி நேரே, அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பான காப்பாட்சியரின் அறைக்குப் போனார். தானே சொல்லிவிட்டால் திருட்டுப் பட்டமாவது வராது.

“சார், அந்தச் சிங்கம் என் வயித்துல இருக்கு சார்.”

காப்பாட்சியர் கோபப்படவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். “யார் சொன்னா?”

“ஸ்கேன்ல தெரியுது சார். இன்னிக்கு மறுபடி எடுக்கறாங்க. ஆபரேஷன் பண்ணியாவது எடுத்துக் கொடுத்துடறேன். நீங்களே பரிசோதிச்சு வாங்கிக்குங்க.”

“வேண்டாம்!” என்று அலறினார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஸ்கேனும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். அது அங்கயே இருக்கட்டும்.”

“வயித்துலயா சார்?”

“ஆமா. பத்திரமான இடம்தானே?”

காவலாளிக்குக் கண் கலங்கியது. ஒரு ராஜாவின் சொத்தைவிடத் தன் வயிற்றைப் பெரிதாக நினைக்கிற அதிகாரி! காலில் விழப் போனபோது போன் அடித்தது. மைத்துனன்.

“மாமா, கவலையை விடுங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட நானே பக்குவமா பேசிட்டேன். ஸ்கேன் சென்டர்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கார். உங்க பெரிய சாரையும் கூட்டிட்டு வரச் சொன்னார்.”

ஸ்கேன் அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மனைவி ஒரு பக்கம் மூக்கைச் சிந்தினாள். மைத்துனன் மார்பை நிமிர்த்தி நின்றான். இன்ஸ்பெக்டர் லத்தியால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். காப்பாட்சியர் பெஞ்சில் உட்கார்ந்தபடி வியர்வையில் குளித்தார். வயிற்றில் சிங்கம் இருப்பது அவருக்கா காவலாளிக்கா என்று சந்தேகம் வரும்.

இந்தத் தடவை காவலாளி உயிரே போனாலும் போகட்டும் என்று மூச்சைப் பிடித்தார்.

ஸ்கேன் பெண் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். “ஆர்ட்டிஃபாக்ட் போயிடுச்சு. வெறும் வாயுதான். ஆனா இவ்ளோ வாயு நான் பார்த்ததே இல்ல.”

“போயிடுச்சா? எங்கம்மா போச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்கயும் போகல சார். அது இருந்தாத்தானே போறதுக்கு? நேத்து இவர் அசைஞ்சுட்டார், படத்துல பொய்யா ஒரு நிழல் விழுந்துச்சு. மெஷின் தானா உண்டாக்கற அந்த மாதிரிப் பொய்க்குத்தான் நாங்க ஆர்ட்டிஃபாக்ட்னு சொல்லுவோம்.”

“பொய்யா?” காவலாளி தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். “எங்க மியூசியத்துல அதுக்கு நேர் எதிரும்மா! அசலுக்குத்தான் அந்தப் பேரு!”

மனைவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்போ அசல் சிங்கம் எங்கே?” என்று காப்பாட்சியர் பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துக் காப்பாட்சியரின் போன் அடித்தது. அணைக்கப் போன விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டது. அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிக்கும் அம்மாளின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

“சார், சிங்கம் கிடைச்சிடுச்சு! பெட்டிக்குப் பின்னால கிடந்துச்சு, தெரியாம மிதிச்சுட்டேன், ரெண்டாப் போச்சு... ஏன் சார், ராஜா காலத்துலயே பிளாஸ்டிக் இருந்துச்சா?”