வெயில் விற்ற அண்ணாச்சி

அன்று கடைக்குள் இருந்தது நாலு பேர்: வெயிலண்ணாச்சி, மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா, அவள் மகள் ஜெனி, நான். வெயிலைக் காசுக்கு விற்கக் கடை திறந்துவிட்டு, அதே வெயிலுக்கு அவ்வளவு பயந்த மனிதர் உலகத்திலேயே அண்ணாச்சி ஒருவர்தான்.

வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் அவருக்கு வேலை. வெள்ளைக்காரர்களைப் பெட்டிபோன்ற மெஷினில் படுக்கவைத்து, ஊதா வெளிச்சம் பாய்ச்சித் தோலைக் கறுக்க வைப்பார். ஹோட்டலை மூடியபோது அந்த மெஷினையே மலிவாக வாங்கிக் கன்னியாகுமரிக்குக் கொண்டுவந்துவிட்டார். கடற்கரையில் கொட்டிக் கிடக்கும் வெயிலை விட்டுவிட்டு எந்த வெள்ளைக்காரன் உள்ளே வருவான்? ஒருவனும் வரவில்லை. பக்கத்தில் சிப்பிமாலைக் கடை வைத்திருந்த எனக்குத்தான் தூக்கம் போயிற்று. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த மெஷின் வெடித்து என் சிப்பியெல்லாம் சுண்ணாம்பாகிவிடும் என்று தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

அண்ணாச்சி உச்சிவெயிலில் குடையில்லாமல் வாசல் தாண்ட மாட்டார். குடை ரிப்பேருக்குப் போன ஒருநாள், டீக்கடைக்குப் போக மெதுவாய் வந்த லாரியின் நிழலோடு நடந்தார். டிரைவர் சந்தேகப்பட்டு வேகமெடுக்க, அண்ணாச்சியும் ஓடி, அடுத்த ஊரில் டீ குடித்ததாகச் சொல்வார்கள்.

அந்த மாதமும் ஆள் வராவிட்டால் கடையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார் கட்டிடச் சொந்தக்காரர். அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா மகளோடு வந்தாள்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை இவளுக்க அக்காளுக்குக் கல்யாணம். இவளக் கொஞ்சம் வெளுக்க வச்சுத் தாரும்."

"ஸ்டெல்லா, இது கறுக்க வைக்கிய மெசினாக்கும்."

"சும்மா இரியும். கறுக்கதுக்கு ஆராவது பைசா குடுப்பாவளா?"

"வெள்ளக்காரன் குடுப்பான்."

"அவனுக்குக் கிறுக்கு. நீரு பிள்ளைய ஏத்தும்."

ஜெனி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து சுவிட்சையும் போட்டிருந்தாள். ஊதா வெளிச்சம் அவள் முகத்தில் மெல்ல அலைந்தது. கடலுக்கடியில் கண்மூடி நிற்பவள்போல இருந்தாள். அண்ணாச்சி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"மக்கா, உனக்கு என்ன வயசு?"

"பதினாறு, மாமா."

அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்கினார். "பதினெட்டு ஆவாத பிள்ளையள இதுல கெடத்தப்பிடாது. நான் வேலை பாத்த எடத்துல அதாக்கும் சட்டம்."

"இங்க அப்பிடி ஒரு சட்டமும் இல்லியே," என்றாள் அக்கா.

"சட்டம் இல்லைன்னா தோலு பொள்ளாதா?"

"அண்ணாச்சி, வந்திருக்கது ஒரேயொரு ஆளு," என்று அவர் காதில் கெஞ்சினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஜெனிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ போட்டோல நான் இப்பிடியே நிக்கணுமா மாமா?"

"எனக்க மெசினுல வெள்ளக்காரி ஒரு மாசம் கெடந்தாலும் இந்த நெறம் கிட்டாது. உனக்குக் கர்த்தர் சும்மா தந்திருக்காரு. காலையில கடப்புறத்துல வெளையாடு. உச்சிக்கு மட்டும் நெழலுல இரு."

ஜெனி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரிப்பை மறைக்க முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே மணல் கொதித்தது. அண்ணாச்சி தன் குடையை எடுத்து ஜெனியிடம் நீட்டினார். "திருப்பித் தராண்டாம். உனக்கு இருக்கட்டு."

அந்த மாதக் கடைசியில் மெஷின் பழைய இரும்புக்குப் போனது. பூட்டுச் சாவியை என் கையில் தந்துவிட்டு, நடுப்பகலில் வெறுந்தலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். கானலில் கலைந்து கலைந்து, பிறகு தெரியவேயில்லை.

சித்திரை பிறந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரே கவலைதான்: அந்த மனிதர் புதுக்குடை ஒன்று வாங்கியிருப்பாரா?