மலாகா வெயிலில் காய்ந்த மிளகாய்

பத்மநாதன் தேநீர்க் கோப்பையோடு கராஜுக்குத் திரும்பி வந்தபோது, றக்கூன் கடைசி மிளகாயைக் கழுவிக்கொண்டிருந்தது.

கார் ஜாக்கில் ஏறி நின்றது. குளிர்கால டயர்களை மாற்றுவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். டயர் கழுவ வைத்த வாளிக்குப் பக்கத்தில், பூனையைவிடப் பெரிதாய், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டியோடு அந்தப் பிராணி குந்தியிருந்தது. றக்கூன் சுத்தமான பிராணி. கண்டதைக் கண்டபடி தின்னாது. மோர்மிளகாய் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் உருட்டி உருட்டிக் கழுவி, ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து வாளிக்குள் எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறது. ஒன்றாவது உறைக்காமல் இருக்கும் என்ற நம்பிக்கையை அது கடைசிவரை கைவிடவில்லை.

"சூ! போ சனியனே!"

றக்கூன் அவரை ஆற அமர ஒருமுறை பார்த்தது. பிழை முழுவதும் வீட்டுக்காரருடையது என்ற பார்வை. பிறகு வேலியேறிப் போய்விட்டது.

வாளிக்குள் மகளின் உழைப்பு ஊறிப் பருத்து மிதந்தது.

மகள் தனுஷிகா ஸ்பெயினில் மலாகா என்ற கடற்கரைப் பட்டினத்தில் கடலியல் படிக்கிறாள். கனடாவில், வோபர்னில் வீடு, ஒரு பஸ் ஏறினால் பல்கலைக்கழகம். அப்படியிருக்க, கடல் கடந்து போய்க் கடலைப் படிப்பானேன் என்று தாய் தவமணி ஒற்றைக்காலில் நின்றாள். அவளை அசைத்தது தகப்பனின் வாதமல்ல, வெயில்.

"அம்மா, அங்க வருசம் முழுக்க வெயில். பல்கனியில நிண்டா கடல்" என்று மகள் சொன்ன அன்று தவமணி சமையலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கனடாவுக்கு வந்த நாள்முதல் அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை மோர்மிளகாய். ஒரு கோடையில் காயப்போட்டதை அணில் கொண்டுபோனது. மறு கோடையில் மழை. ஓவன் அடுப்பில் வைத்துப் பார்த்ததில் ஃபயர் அலாம் அடித்து, அயல் முழுவதும் தும்மியது. கடை மிளகாயோ அவளுக்கு ஆகாது. அது விற்கிற கடைக்குள்ளேயே கால் வைக்கமாட்டாள்.

"போ. ஆனா மிளகாய் வாங்கி, கீறி, மோரில ஊறவிட்டு, காயவைச்சு, லீவுக்கு வாற ஆரிட்டையாவது குடுத்துவிடோணும்" என்ற நிபந்தனையோடு விடை கொடுத்தாள்.

நிபந்தனை நாக்குக்காக மட்டுமல்ல. டொக்டர் இரத்தம் பார்ப்பதுபோல் தவமணி மிளகாய் பார்ப்பாள். முதல் பொதி வந்தபோது ஒன்றைப் பொரித்துக் கடித்துவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு. பிள்ளை அழுதிருக்கிறாள்" என்றாள். அடுத்த பொதியில், "ஒரு பக்கம்தான் காய்ஞ்சிருக்கு. சோதினை போல, திருப்பிப் போட நேரமில்லை" என்றாள். விசாரித்தால் உண்மையிலேயே பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அதன்பிறகு பத்மநாதன் மிளகாய் விஷயத்தில் வாய் திறப்பதில்லை.

இப்போது தனுஷிகா இன்னும் இரண்டு வருடம் அங்கேயே படிக்கக் கேட்டிருந்தாள். "இந்தமுறை மிளகாய் வரட்டும். பாத்துச் சொல்லுறன்" என்று தவமணி தீர்ப்பை ஒத்திவைத்திருந்தாள். அந்தப் பொதியைத்தான் மகளோடு படிக்கும் சீமோன் ஈஸ்டர் லீவுக்கு வந்த கையோடு கொண்டுவந்து கொடுத்தான். பத்மநாதன் அதை டயருக்கு மேல் வைத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். மிகுதி றக்கூனுக்குத் தெரியும்.

மகளிடம் சொல்லலாமா என்று நினைத்தார். வெயிலில் நின்று, விரலெரிய மிளகாய் கீறிய பிள்ளை, கேட்டால் அழுவாள். மனைவியிடம் சொல்வதை அவர் நினைக்கவேயில்லை. தவமணி வேலையால் வருவதற்குள் காரியம் முடியவேண்டும். காருக்கு ஒரு சில்லு இல்லை. பஸ்ஸில் ஏறினார்.

தவமணி கால் வைக்காத கடையொன்று பிளாசாவின் மூலையில் இருந்தது.

"தங்கச்சி, மோர்மிளகாய் இருக்கோ? வெயில்ல காய்ஞ்சதா வேணும்."

கல்லாவில் இருந்த பெண் யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். ஏப்பிரலில் பனி தூறிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணை வெயில்? நான் பேஸ்மென்றில, வீடு சூடாக்கிற ஃபர்னஸுக்குப் பக்கத்தில காயப்போடுறனான்."

தவமணியின் நாக்கு இதை ஒரே கடியில் பிடித்துவிடும். ஆனாலும் வாங்கினார். வீட்டுக்கு வந்து, ஸ்பானிஷ் எழுத்துப் போட்ட கடதாசிப் பையின் கிழிசலை ஒட்டி, மிளகாயை அதற்குள் மாற்றி, மேசையில் வைத்துவிட்டு, தண்டனைக்குக் காத்திருப்பவர்போல் கதிரையில் உட்கார்ந்தார்.

தவமணி பொரித்தாள். கடித்தாள். கண்ணை மூடினாள்.

"கடல் வெயில்" என்றாள்.

"ஓமோ?"

"இதல்லோ மிளகாய்! ரெண்டு பக்கமும் வடிவாத் திருப்பிப் போட்டிருக்கிறாள். பிள்ளை சந்தோசமா இருக்கிறாள். கொஞ்சம் உடம்பும் வைச்சிருக்கிறாள்."

"மிளகாயில உடம்பும் தெரியுமோ?"

"பெத்தவளுக்குத் தெரியும். ரெண்டு வருசமும் இருந்து படிக்கட்டும், பாவம்."

கதை அங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் தவமணிக்கு ஒரு வெற்றியை ஒளித்துவைக்கத் தெரியாது. பக்கத்து வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் சிநேகிதி வேரோனிக்காவுக்குப் போன் எடுத்தாள். வேரோனிக்கா வந்து, கடித்து, "அடி, இது ஸ்பெயின் வெயில்தானடி" என்று சத்தியம் செய்து, தனக்கொரு பை, மச்சாளுக்கொரு பை என்று அள்ளிக்கொண்டு போனாள். அடியில் நாலு காம்பு மிஞ்சியது. தவமணியின் முகம் வாடியதைப் பத்மநாதனால் பார்த்திருக்க முடியவில்லை.

"நீர் ஏன் யோசிக்கிறீர்? சீமோனிட்ட இன்னும் கிடக்காம். நாளைக்கு வாங்கிக்கொண்டு வாறன்."

மறுநாள் அவருக்குக் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. கடையில் இருந்ததெல்லாவற்றையும் வாங்கினார். ஸ்பானிஷ் பைக்கு வழியில்லாததால் வெறும் பொலித்தீன் பைகளில் கட்டி மேசையில் அடுக்கினார். தவமணி அந்தக் குவியலைச் சுற்றி வந்து பார்த்தாள். முகத்தில் சந்தோசம் இல்லை.

"உதெல்லாம் எங்கட பிள்ளையோ காயவைச்சது?"

"ஓம்."

"இவ்வளவையும் கீறி, ஊறவைச்சு, திருப்பித் திருப்பிப் போட்டவள் எப்ப வகுப்புக்குப் போனவள்?"

பத்மநாதன் பைகளை எண்ணுவதுபோல் குனிந்தார்.

"படிக்கவெண்டு அனுப்பினா, பிள்ளை பல்கனியிலயே நிக்கிறாள்! போதும். திரும்பி வரச்சொல்லுங்கோ. இஞ்ச வந்து படிக்கட்டும்."

"அவள் தனியச் செய்யேல்லை தவம்! கூட இருக்கிற ஆளும் உதவி."

சொன்ன கணத்திலேயே, வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுவிட்டோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. தவமணி கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"ஆர் கூட இருக்கிறது? பொடியனோ?"

"சீச்சீ! பொம்பிளைப் பிள்ளை."

"பேர்?"

அன்று கடையில் யாரோ, "கிளடிஸ் அக்கா, புட்டுமா இருக்கோ?" என்று கேட்டது காதில் கிடந்தது.

"கிளடிஸ்."

"தமிழ்ப் பிள்ளையோ?"

"ஸ்பானிஷ்."

"ஸ்பானிஷ் பிள்ளைக்கு மோர்மிளகாய் திருப்பிப் போடத் தெரியுமோ?"

"எங்கட பிள்ளை பழக்கி எடுத்திருக்கிறாள்."

தவமணி ஒரு மிளகாயை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். பிறகு கண் கலங்கியது.

"ஆர் பெத்த பிள்ளையோ! எங்கட வீட்டு மிளகாய்க்கு வெயில்ல நிண்டிருக்கு. அதுகளின்ர படிப்பு நேரத்தைத் தின்னக்கூடாதப்பா. எனக்கு ஒரு பை காணும். மிச்சத்தைச் சீமோனிட்டக் குடுங்கோ, அந்தக் கிளடிஸின்ர தாய்க்குக் கொண்டுபோய்க் குடுக்கட்டும். அந்தப் பிள்ளையோட நான் முகம் பாத்துக் கதைக்கோணும். இப்பவே எடுக்கட்டோ?"

"இப்ப அங்க சாமம், தவம். நாளைக்கு."

அடுத்த நாள் காலையில் தவமணி வேலைக்குப் போனதும், பத்மநாதன் பைகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். மகள் படிப்பை விட்டுத் திரும்பவேண்டி வந்தால் அதற்குக் காரணம் தானும் ஒரு றக்கூனும்தான் என்ற நினைப்பு பஸ்ஸில் அவரோடு கூடவே வந்தது.

"ஏனண்ணை திருப்பிக் கொண்டுவாறியள்?" என்றாள் கல்லாவில் இருந்த கிளடிஸ். "உப்புக் கூடிப்போச்சோ? அது முந்தி ஒருக்காக் கூடினது, அதோட கவனம். ஃபர்னஸ் பழுதான கிழமையும் ஒரு பக்கம்தான் காய்ஞ்சது. இது நல்ல சாமானல்லோ?"

பத்மநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். எங்கேயோ கேட்ட கதைபோல இருந்தது. அதற்குள் கைப்பேசி அடித்தது. திரையில் தனுஷிகா, முகத்தில் கலவரம். அவளுக்குப் பின்னால் பல்கனி, அதற்கப்பால் நீலக் கடல், கண் கூசும் வெயில். கம்பியில் ஒரு துவாயும் நீச்சலுடுப்பும் காய்ந்தன. மிளகாய்க் காம்புகூட இல்லை.

"அப்பா! ஐ ஆம் சோ டெட்! கிளடிஸைப் பற்றி அம்மாவுக்கு ஆர் சொன்னது?"

"பயப்பிடாத பிள்ளை. நான்தான் சொன்னனான்."

"நீங்களா? ஓ மை கோட்! உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்? அம்மா மெசேஜ் போட்டிருக்கிறா, கிளடிஸோட முகம் பாத்துக் கதைக்கோணுமாம்!"

"எல்லாம் அந்த றக்கூன் செய்த வேலையடி…"

"வட் றக்கூன்?"

கல்லாவுக்கு மேலால் கிளடிஸ் எட்டித் திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, போனில மிளகாய் சொல்லுற தனு பிள்ளையின்ர அப்பாவோ நீங்கள்! முதலே சொல்லியிருந்தா நானே வடிவாப் பொதி கட்டித் தந்திருப்பனே அண்ணை. ஒவ்வொரு லீவுக்கும் சீமோன் தம்பி உங்கட வீட்டுக்கு மிளகாய் போட்டுக்கொண்டு போற ஸ்பெயின் பையெல்லாம் இஞ்ச கல்லாவுக்குக் கீழதானே கிடக்கு!"